காற்றுப் போடும் நேரம்

"காத்துப் போடறேன்!" என்று கத்தியாகிவிட்டது, இனி வரிசை முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். பக்கத்து ஷெட்டில் ஒரு கார் கதவின் நெளிவைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்த டிங்கர் சவரிமுத்து ஓங்கிய சுத்தியலை அடிக்காமலே இறக்கித் தரையில் வைத்தான், எதிரே டயர்க் கடையில் பாட்டு நின்றது, எங்கள் ஷெட்டுக்குள் மாப்பிள்ளை சென்னியப்பன் ஃபேனை நிறுத்திவிட்டு கம்ப்ரஸர் மோட்டாரையும் அணைத்தான், டேங்கில் இருக்கிற காற்று போதும். துடியலூர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஷெட் வரிசையில் இது ஒரு பழக்கம், யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை, பொங்கியண்ணன், அதாவது நான், காற்றுப் போட்டால் மற்றவர்கள் சத்தம் போட மாட்டார்கள், அவ்வளவுதான். டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற ஒரு விசிறி. அந்தக் காற்று போகிற வழியில் எங்கேயாவது ஒரு ஹோஸ் கிழிந்திருந்தால், ஒரு கிளிப் தளர்ந்திருந்தால், வண்டி சமதரையில் சமர்த்தாக ஓடிவிட்டு மேட்டைக் கண்டதும் கரும்புகை தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கும். அப்படி ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்க, எஞ்சினை ஓட விடாமலே டர்போவின் வாயை அடைத்து வெளியிலிருந்து காற்றைக் கொடுக்க வேண்டும். ஒழுகுகிற இடம் உஸ்ஸென்று தானே சொல்லும். நான் கண்ணை மூடித் தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பேன், பிறகு நேராகப் போய் அந்த இடத்தில் விரலை வைப்பேன், பார்ட்டிகள் வாயைப் பிளப்பார்கள். இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன். கண் மூடியிருக்கிறது, தலை சாய்ந்திருக்கிறது, எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை.

ஒரு மண்ணும் கேட்கவில்லை என்பதும் பொய்தான். கேட்கிறது, அதுதான் வினையே. காதுக்குள் ஒரு இரைச்சல், உஸ்ஸென்று, விடாமல், ஒழுகுகிற ஹோஸின் சத்தம் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே. உலகத்தில் எத்தனையோ சத்தம் இருக்கிறது, தவளைச் சத்தம் வந்திருக்கலாம், மேளச் சத்தம் வந்திருக்கலாம், எனக்கென்று இதுவா வந்து சேர வேண்டும். கடைத்தெருவில் நடக்கும்போது, சவரிமுத்து தகரத்தை வெளுத்து வாங்கும்போது, அது அடங்கிக் கிடக்கும். சுற்றிலும் அமைதியானால் போதும், எழுந்துகொள்ளும். ஆக, எனக்காக இத்தனை பேர் கைவேலையை நிறுத்திவிட்டுப் பிடித்துக் கொடுக்கிற இந்த அமைதிதான் எனக்கு ஆகவே ஆகாத சாமான். வலது பக்கம் திரும்பினால் வலது பக்கம் ஒழுகுகிறது, இடது பக்கம் திரும்பினால் இடது பக்கம் ஒழுகுகிறது, சுவர் ஒழுகுகிறது, மாப்பிள்ளையின் சட்டைப் பை ஒழுகுகிறது. முதலில் போனது எது என்று யோசித்தால் அணில். வீட்டுக்குப் பின்னால் சீத்தா மரத்தில் கத்துகிற அணில் ஒருநாள் கத்துவதை நிறுத்திவிட்டது, பூனை பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் அது கிளையில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கித் தொண்டை துடிக்கக் கத்திக்கொண்டிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. பிறகு மரகதத்தின் போன் மணி. பிறகு மரகதமே பாதி. கட்டிய மனைவி அடுப்படியிலிருந்து பேசுவது அடிப்பாதி மட்டும் வருகிறது, மேல்பாதியை நானே போட்டு நிரப்பிக்கொள்கிறேன், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் என்ன சொல்வாள் என்று தெரியாதா. ஆண்கள் குரல் பரவாயில்லை, எஞ்சின் சத்தம் கணீரென்று கேட்கிறது, பேரிங் தேய்ந்தால் தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவேன். மெல்லிசாக வருகிற சத்தம் மட்டும்தான் போயிருக்கிறது. மெல்லிசாக வருகிற சத்தம்தான் என் பிழைப்பு.

சரி, மீட்டர் முள்ளைப் பார், முள்ளாவது பொய் சொல்லாமல் இருக்கிறதா பார். டர்போவின் வாயை அடைத்திருக்கிற மூடி நானே செய்தது, பிவிசி குழாய் மூடியில் ஒரு டயர் வால்வைச் சொருகியது, அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது, பக்கத்தில் மீட்டர். மாப்பிள்ளை டேங்கின் திருகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கையைக் காட்டினேன், மூடினான், முள் விறுவிறுவென்று இறங்கிவிட்டது. எந்த எஞ்சினிலும் கொஞ்சம் போகும், வால்வு திறந்திருக்கிற பக்கமாக எப்படியும் நழுவும், அது மெதுவாகப் போகும், இது அப்படி இல்லை, இது வாளியில் ஓட்டை. ஆக ஒழுகுவது உறுதி, டர்போ போகவில்லை என்பதும் உறுதி, நான் பார்ட்டியிடம் சொன்னது சரி. பார்ட்டி அதோ நிற்கிறாள், பிரபாவதி, சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவள், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஆள் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுபோய் விடுவது தொழில். போன வாரம் மலை ரோட்டில் காய்கறி லாரியை முந்தப் போய் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்கவில்லை, லாரிக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது, எதிரே வளைவில் பஸ். லாரிக்காரன் பிரேக் போட்டு வழி விட்டதால்தான் இன்று இந்த ஷெட்டில் நிற்கிறாளாம், பின் சீட்டில் ஒரு கைக்குழந்தையும் அதன் அம்மாவும் இருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு வழியில்லை, அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள், சே, என்ன நினைத்திருப்பாள். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறாள், டர்போ போச்சு, முழுசாக மாற்று என்று சொல்லிவிட்டார்கள். என்ன போச்சு? விசிறித் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தாயா? நான் ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நிற்கிறது. பார்க்காமலே போச்சு என்று சொல்வது என்ன பேச்சு, ஒன்று பழசாகிவிட்டால் உடனே போச்சு, கழற்று, தூக்கிப் போடு. "டர்போவுக்கு ஒண்ணும் ஆகலைம்மா, எங்கியோ காத்து ஒழுகுது, நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். நான் என்று அழுத்திச் சொன்னேன். மாப்பிள்ளை அப்போது வேறு பக்கம் பார்த்தான்.

மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும், சட்டையைப் பிடித்திருப்பேன். மரகதத்தின் தம்பி, பள்ளிக்கூடம் முடித்த கையோடு என்னிடம் வந்தவன், இப்போது ஷெட்டில் சரிபாதிப் பங்கு, வேலையில் சுத்தம், வாயில் மரியாதை. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. சித்திரை பிறந்ததும் ஷெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வைத்து ஒரு ரூம் கட்டினான், சுழல் நாற்காலி வாங்கிப் போட்டான், சின்னதாக ஒரு ஃபேன், அதற்குப் பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது, "மச்சான், நீங்க இனிமே முன்னாடி உக்காந்து பார்ட்டிகளப் பேசி அனுப்புனாப் போதுமுங்க, வண்டிக்கு அடியில கெடந்து எத்தன காலத்துக்குக் கஷ்டப்படறது, நாங்க பாத்துக்கறோம்" என்றான். முதுகில் குத்துவதைப் பன்னீர் தெளித்துச் செய்கிற ஆள். புகை மிஷின் ஒன்று வந்திருக்கிறதாம், உள்ளே புகையை விட்டால் ஒழுகுகிற இடத்தில் தானே வெளியே வருமாம், காதே வேண்டாமாம். காதே வேண்டாம் என்று அவன் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, டீ டம்ளரைப் பார்த்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அந்த நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்தால் அவ்வளவுதான், மாலை போடாத போட்டோ மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டே போக வேண்டியதுதான், பார்ட்டி வருவான், வணக்கம் வைப்பான், என்னைத் தாண்டி உள்ளே போவான். நான் உட்கார மாட்டேன். மரகதம் கேட்டாள், "ஏனுங்க, தம்பி நல்லதுக்குத்தான சொல்றான்" என்று கேட்டாள், அது முழுசாகக் கேட்டது, வேண்டாதது எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. மரகதத்திடம் ஸ்பேர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெகுதூரம் தள்ளி, தெரிந்த முகம் யாரும் வராத ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்றாள் ஒரு பொண்ணு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் கேட்டது, அமுக்கினேன். பிறகு அமைதி. அமைதி வந்ததும் என் இரைச்சல் வந்துவிட்டது, எது அவளுடையது எது என்னுடையது என்று தெரியவில்லை, வியர்த்தது. அப்போதுதான் பார்த்தேன், சத்தம் கொடுக்கும்போதெல்லாம் அவள் வலது தோள் துளி அசைகிறது. அப்புறம் என்ன, தோள் அசைந்தால் அமுக்கினேன், அசைந்தால் அமுக்கினேன், பரீட்சையில் முன்பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி. அவள் எழுந்து உள்ளே வந்தாள், சிரித்தாள், என் நாற்காலியைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சுவர். பட்டனை அமுக்கவே இல்லை. டாக்டர் காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார், யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காதில் மிஷினை மாட்டிக்கொண்டு எப்படி வந்து "காத்துப் போடறேன்" என்று கத்துவது? சவரிமுத்து ஏன் சுத்தியலைக் கீழே வைக்க வேண்டும்?

திருகை மறுபடி திறக்கச் சொல்லியாயிற்று, நேரமாகிறது. முன்பெல்லாம் இதற்குள் விரலை வைத்திருப்பேன். இந்த மாதங்களில் கற்றுக்கொண்ட கள்ள வேலை ஒன்று இருக்கிறது, குனிந்து கேட்கிற மாதிரி முகத்தை ஹோஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, நாக்கால் உதட்டை நனைத்துக்கொள்வது, காற்று பட்டால் சில்லென்று இருக்கும், பார்க்கிறவர்களுக்குக் காதால் கேட்பது மாதிரியே தெரியும். எஞ்சினுக்குள் காற்று நுழைகிற இன்டேக் பக்கம் குனிந்தேன், ஒன்றும் படவில்லை. டர்போ பக்கம் குனிந்தேன், சூட்டைத் தடுக்கிற தகரக் கவரில் நெற்றி இடித்தது. மீதி இருப்பது கீழே, பம்பருக்குப் பின்னால், காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ்கள், அங்கே முகம் நுழையாது, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி கண்ணுக்குத் தெரியாது. பம்பரைக் கழற்றினால் தெரியும். பம்பரைக் கழற்றித் தேடுவது குருட்டு வேலை என்று இந்த வரிசை முழுக்கப் பேசித் திரிந்தவன் நான், எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், இப்போது எந்த வாயால் கழற்று என்பது. டயர்க் கடைப் பக்கம் யாரோ இருமினார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். இருமல் கேட்டது, அது தடித்த சத்தம். இருமலுக்குப் பிறகு இரைச்சல் இன்னும் ஏறியது. உள்ளங்கை நனைந்துவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள், எனக்காக எல்லாரும் வெந்துகொண்டிருக்கிறார்கள். நிமிர்ந்தேன். நான் அப்போது நிமிர்வேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரபாவதியின் கண் இடது ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்தது. தடுப்புச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்துவின் கண்ணும் இடது ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்தது. மாப்பிள்ளை திருகைப் பிடித்தபடி அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் மூன்று பேர் கண்ணும் மூன்று பக்கம் ஓடின.

கேட்கிறது. அவர்களுக்குக் கேட்கிறது. நின்ற இடத்திலேயே, தலையைச் சாய்க்காமல், கண்ணை மூடாமல், எல்லாருக்கும் கேட்கிறது, மேட்டுப்பாளையத்துப் பார்ட்டிக்குக்கூடக் கேட்கிறது, இந்த ஷெட்டிலேயே கேட்காத ஆள் நான் ஒருவன்தான். எத்தனை நாளாக? போன மாதம் அந்த வெள்ளை வண்டிக்கு நான் கிளிப் கிளிப்பாக முகத்தை உரசிக்கொண்டு திரிந்தபோது, மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்து ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி ஒரு ஹோஸைத் தட்டிவிட்டுப் போனானே, நான் அடுத்து அங்கேதான் குனிந்தேன், கண்டுபிடித்தேன், தெரிந்துதான் தட்டினானா? ஆவணியில் அந்த டெம்போவுக்குச் சவரிமுத்து, "அண்ணா, இங்க ஒரு கீறல் இருக்குது, பெயின்ட் அடிக்கட்டுங்களா" என்று வந்து நின்றானே, கீறலாவது மண்ணாவது. என் காதில் எல்லாரும் சேர்ந்து பூச்சுற்றியிருக்கிறார்கள், கேட்காத காதாயிற்றே, சுற்றுவதற்கு வசதியாக இருந்திருக்கும். நான் காத்துப் போடறேன் என்று கத்துவேனாம், இவர்கள் சுத்தியலை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார்களாம், அப்புறம் எனக்கு வழி காட்டுவார்களாம், குழந்தைக்கு ஒளித்து வைத்த பந்தைக் கண்ணால் காட்டிக் கொடுக்கிற மாதிரி. கோபம் வந்தது, உச்சந்தலை வரைக்கும் வந்தது, மாப்பிள்ளையின் மேல் வந்தது, அந்த அணிலின் மேல்கூட வந்தது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நேராக இடது ஹெட்லைட்டுக்குப் போய்க் கையை விட்டால் முடிந்தது. அங்கேதான் இருக்கிறது. பிரபாவதிக்குச் சந்தேகம் வராது, மாப்பிள்ளை நிம்மதியாக மூச்சு விடுவான், பொங்கியண்ணன் பொங்கியண்ணன்தான் என்பார்கள். தோள் அசைந்தது, பட்டனை அமுக்கு. வெள்ளைச் சுவர் ஞாபகம் வந்தது. மாட்டேன். போங்கடா. எனக்கு யார் கண்ணும் வேண்டாம்.

"காத்துத் தீரப் போகுதுங்க மச்சான்" என்றான் மாப்பிள்ளை, மெதுவாக, ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் தெரிந்தது. "தீந்தா மோட்டாரப் போடு" என்றேன். "சத்தம் வருமுங்களே." "வரட்டும். போடு. ஃபேனையும் போடு." அவன் என்னையே பார்த்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான், கம்ப்ரஸர் தடதடவென்று பிடித்தது, தரை அதிர்ந்தது, என் காதுக்குள் இருந்த சனியன் ஒரு படி இறங்கியது. நான் தடுப்புச் சுவரைப் பார்த்துக் கத்தினேன், "சவரிமுத்து, சுத்தியல எடு!" "என்னுங்ணா?" "சுத்தியல எடுய்யா. தட்டு. எனக்காக ஒருத்தனும் நிறுத்த வேண்டாம், எனக்குக் காது கேக்கல. கேக்காத காதுக்கு எதுக்குய்யா அமைதி?" சொல்லிவிட்டேன். சொன்னது வரிசை முழுக்கக் கேட்டிருக்கும், என் குரல் எவ்வளவு பெரிசு என்று எனக்கே இப்போதெல்லாம் தெரிவதில்லை. சவரிமுத்து குனிந்தான், டக்கென்று ஒன்று விழுந்தது, பூப்போட்ட மாதிரி, பாவம் பார்த்து. "சோறு திங்கலையா? ஓங்கி அடி!" என்றேன். அடித்தான். அடித்தான் ஐயா, தகரம் கிழிகிற மாதிரி அடித்தான், அவனுக்கும் என்னவோ கோபம் இருந்திருக்கும், இத்தனை நாள் எனக்காக நிறுத்தி நிறுத்தி வேலை கெட்ட கோபமாக இருக்கலாம். டயர்க் கடைப் பாட்டும் வந்து சேர்ந்தது. சத்தம் மேலே மேலே ஏற ஏற அந்த உஸ் கீழே கீழே போய், ஒரு நேரத்தில் இல்லவே இல்லை. சுவர் ஒழுகவில்லை, சட்டைப் பை ஒழுகவில்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு தலை காலியாக இருக்கிறது. வாளித் தண்ணீரில் முழங்கை வரை நனைத்துக்கொண்டேன். வலது பக்கமிருந்து ஆரம்பித்தேன், வேண்டுமென்றேதான், அவர்கள் பார்த்த இடத்துக்கு முதலில் போகக் கூடாது என்கிற வீம்பு. டர்போவிலிருந்து வெளியே வருகிற ஹோஸ், அதன் கழுத்து, அடிப்பக்கம், கிளிப்பின் வால், ஒன்றுமில்லை. இரும்புக் குழாய், ஒன்றுமில்லை. உதட்டால் இல்லை, கன்னத்தால் இல்லை, மணிக்கட்டின் உள்பக்கத்தால், எல்லாரும் பார்க்க, ஒளித்துச் செய்யாமல். இன்டேக் முனை. பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன், பிரபாவதி நகர்ந்து வழி விட்டாள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் கையை இறக்கினேன், விரல், மணிக்கட்டு, முழங்கை, தகரம் தோலைச் சுரண்டியது, இன்னும் கீழே, ஹோஸ் மடங்குகிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பினேன். சில்லென்று ஒரு கோடு. நூல் பிடித்த மாதிரி, ஒரே இடத்தில், விடாமல். கையை இப்படி நகர்த்தினால் போகிறது, அப்படி நகர்த்தினால் வருகிறது. அந்தக் குளிர்ச்சியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், சவரிமுத்து தட்டிக்கொண்டிருந்தான், எனக்கு அழுகை வந்தது, வியர்வையோடு துடைத்துக்கொண்டேன்.

"ஹோஸுக்கு அடியில, மடிப்புல. பம்பரக் கழட்டு மாப்ளே" என்றேன். "பம்பரையுங்களா?" என்றான். "ஆமா, கழட்டு, பாக்க முடியாத இடத்தப் பாக்கறதுக்குத்தான் கழட்டறது." கழற்றினான், நானும் கூடக் கழற்றினேன். யாரோ முன்பு பம்பர் மாட்டும்போது ஒரு போல்ட்டைத் தலைகீழாக உள்பக்கம் நீட்டி மாட்டியிருக்கிறார்கள், அதன் முனை வண்டி ஆட ஆட ஹோஸை அறுத்து அறுத்து ஒரு பிளவு. சும்மா பார்த்தால் தெரியாது, காற்று ஏறினால்தான் வாயைத் திறக்கும். டர்போ போச்சாம். மாப்பிள்ளை வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டே என்னவோ சொன்னான், முணுமுணுப்பாகத்தான் வந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ம்ம் என்று சொல்லிவிடுவேன், எதற்கு ம்ம் சொன்னேன் என்று தெரியாமலே எத்தனை ம்ம். "வெளிய வந்து சொல்லு. இனிமே எதச் சொன்னாலும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். வந்தான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், சுத்தமான பிறகும் துடைத்தான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே மச்சான்னு சொன்னேன்." "சொன்னா?" "சொன்னா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமுங்க." "சொன்னா இவன் சுத்தியல நிறுத்துவானா? ஒரு வரிசையே எனக்காக மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கும் மாப்ளே. அத விட மனசு வரல." இது என் வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. மாப்பிள்ளை தலையைக் குனியப் போனான், குனிந்தால் எனக்குப் புரியாது என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தான். "முன்னாடி ரூம்ல நீங்க..." என்று ஆரம்பித்தான். "உக்கார மாட்டேன். நீ வேணா உக்காரு, உனக்குத்தான் பார்ட்டிகளப் பன்னீர் தெளிச்சுப் பேச வருது." சிரித்துவிட்டான். "அப்ப அந்தப் புகை மிஷின வாங்கலாமுங்களா?" "வாங்கு. ஆனா அத ஓட்டறது நானு" என்றேன். அவன் கிழிந்த ஹோஸை அளவுக்கு எடுத்துக்கொண்டு புது ஹோஸ் வாங்கக் கிளம்பிப் போனான்.

புது ஹோஸ் மாட்டி, போல்ட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடியும் காற்றுக் கொடுத்தோம். கத்தவில்லை. யாரும் எதையும் நிறுத்தவில்லை, சவரிமுத்து கதவை முடித்துவிட்டு இன்னொரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். திருகை மூடி முள்ளைப் பார்த்தேன், மெதுவாக, பெரிய மனுஷத்தனமாக இறங்கியது. மணிக்கட்டை வைத்தேன், வெறும் ரப்பர். வண்டியைக் கீழ்த்தெரு மேட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள் பிரபாவதி, இறங்கி என் முன்னால் வந்தாள், வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, "நல், லா, இழுக், குது, ங்ணா" என்றாள். அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "அப்படிப் பேச வேண்டாம்மா. எனக்குக் காதுதான் மந்தம், புத்தி இல்ல. பக்கத்துல வந்து சாதாரணமாப் பேசுங்க, போதும்." அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது, பிறகு அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது, மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவள் இல்லையா. இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள், இடுப்பில் கையை வைத்தாள். "சரிங்ணா, சாதாரணமாவே சொல்றேன். அன்னிக்கு மாதிரி இன்னொருக்கா மேட்டுல வண்டி காலை வாரி விட்டுச்சுன்னா, நேரா இங்கதான் வருவேன். வந்து உங்களத்தான் கேப்பேன், அவரையில்ல." கண்ணாடி ரூம் பக்கம் நின்றிருந்த மாப்பிள்ளையைக் காட்டினாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"வாங்க" என்றேன். "நாந்தான் நிப்பேன்."